தண்ணீருக்கு வில்லங்கம் பார்க்காமல் நொய்யல் கரையில் தோட்டம் வாங்கினேன்

2016 மாசியில், திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே மூன்றேகால் ஏக்கர் தோட்டம் கிரயம் செய்தேன். ஏக்கர் 14 லட்சம், பத்திரச் செலவெல்லாம் சேர்த்து 47 லட்சத்தைத் தாண்டியது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடம் புரொடக்‌ஷன் பார்த்துச் சேர்த்த காசு, மனைவியின் இருபத்திரண்டு பவுன், கொஞ்சம் வங்கிக் கடன் எல்லாம் அதில்தான் போனது. எங்கள் அப்பா தாராபுரம் பக்கம் இருந்த காட்டை என் படிப்புக்காக விற்றவர். அவர் கண்மூடுவதற்குள் ஒரு தோட்டம் வாங்கி அவரைக் கட்டில் போட்டு உட்கார வைக்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. அந்த ஆசையும் அவசரமும்தான் என் கண்ணை மறைத்தன. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை நீட்டியே எழுதுகிறேன்.

தோட்டத்தை முதலில் போய்ப் பார்த்தது 2015 மார்கழியில். அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை, எல்லோருக்கும் நினைவிருக்கும். கிணறு எண்பது அடி ஆழம், தண்ணீர் பதினைந்து அடியில் கிடந்தது, கண்ணாடி மாதிரி அடிக்கல் வரை தெரிந்தது. வேலியில் கிளுவை தளதளவென்று நின்றது. விற்றவர் சாளையில் உட்கார வைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார், இனிப்பாக இருந்தது, தண்ணீருக்கு இங்கே குறையே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தச் சொம்பில் இருந்தது குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் என்பது எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. அதே மண், அதே ரோடு, ஆறு கிலோமீட்டர் தள்ளி ஏக்கர் 22 லட்சம் சொல்லும்போது இது மட்டும் ஏன் 14 லட்சம் என்றும் கேட்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷம்தான் பட்டேன்.

பத்திரம் மட்டும் ஒழுங்காகப் பார்த்தேன். மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, சிட்டா, சர்வேயரை வைத்து அளவு, ஒன்றையும் விடவில்லை. மண்ணுக்கு இவ்வளவு பார்த்தவன் தண்ணீருக்கு ஒன்றுமே பார்க்கவில்லை. நொய்யல் கெட்ட கதை எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டி முடித்தது 1992ல், சில வருடங்களிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது, தண்ணீரைத் திறந்து விடாதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் கம்பெனியில்தான் இருந்தேன். 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன, நாங்கள் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினோம். அதற்கப்புறம் கழிவை வெளியே விடாத ஏற்பாடு வந்தது. சரி, எல்லாம் 2011லேயே முடிந்தது, நாலைந்து மழை பெய்து கழுவியிருக்கும் என்று நம்பினேன். நான் செய்த தவறுகளில் பெரியது இந்த நம்பிக்கைதான். விடுவது நின்றால் ஆறு ஓரளவு தெளியும். நிலத்தடியில் இருபது வருடம் இறங்கிய உப்பு அப்படிப் போய்விடாது. இங்கே கீழே இருப்பது பாறை, அதன் இடுக்குகளில் ஊறிக் கிடக்கிற தண்ணீர்தான் கிணற்றுக்கு வருகிறது. மழை குறைந்த பூமி வேறு. கழுவித் தள்ள எத்தனை வருடம் ஆகுமோ.

முதல் அறிகுறி சித்திரையிலேயே வந்தது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு காங்கேயம் மாடு பிடித்து வந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு மாட்டை அவிழ்த்து விட்டேன், வெயிலில் நடந்து வந்த மாடு, நேராகத் தொட்டிக்குப் போனது. மூக்கை வைத்தது, ஒரு மடக்கு உறிஞ்சியது, தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றது. மறுபடி குனியவே இல்லை. புது இடம், பழகிவிடும் என்று நினைத்தேன். மேற்கால் தோட்டத்து ஆத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏனுங் தம்பி, வாங்கறதுக்கு முன்னால கெணத்துத் தண்ணிய வாயில ஊத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க ஆத்தா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். வாங்கிய பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார். அன்றைக்கு ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று உப்பு, விழுங்கிய பிறகு ஒரு கசப்பு. அப்போதாவது நிறுத்தியிருந்தால் நிலத்தின் விலையோடு நஷ்டம் நின்றிருக்கும்.

நிறுத்தவில்லை. ஆனியில் ஒரு ஏக்கர் மஞ்சள் ஊன்றினேன், ஆடியில் 130 தென்னம்பிள்ளை வைத்தேன், மானியத்தில் சொட்டு நீர் போட்டேன். அந்த வருடம் பருவமழை பொய்த்துப் போனது, கிணறு மளமளவென்று இறங்கியது, இறங்க இறங்க உப்பு ஏறியது. ஆவணியில் மஞ்சள் இலையின் ஓரம் தீய்ந்தது, தீக்குச்சி வைத்துக் கருக்கின மாதிரி விளிம்பு மட்டும் பழுப்பு, நடுவில் பச்சை. இலையைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். சாம்பல் சத்துக் குறைவு என்று பொட்டாஷ் கொடுத்தார்கள். இரண்டு தடவை போட்டேன், கருகல் கூடியது. இங்கே விற்கும் சாதாரண பொட்டாஷ் குளோரைடு உப்பு, ஏற்கெனவே குளோரைடால் வெந்து கிடக்கிற செடிக்கு மேலும் அதையே போட்டிருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. உப்பால் வரும் கருகலும் சாம்பல் சத்துக் குறைவால் வரும் கருகலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இலையைக் காட்டி உரம் வாங்காதீர்கள், தண்ணீரையும் மண்ணையும் பரிசோதித்த பிறகு வாங்குங்கள்.

மேல் தண்ணீர்தான் கெட்டிருக்கும், ஆழமாகப் போனால் நல்ல தண்ணி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். புரட்டாசியில் 720 அடி போர் போட்டேன், 1,05,000 ரூபாய். வந்த தண்ணீர் கிணற்றைவிட உப்பு. மாசியில் வேறு மூலையில் 900 அடி, மோட்டாரோடு 1,60,000. அது முக்கால் இஞ்சுதான் வந்தது, அதுவும் உப்பு. மேலே இருந்து இறங்கின உப்பு பாறை வெடிப்பு வழியாக எங்கெங்கோ போயிருக்கிறது, ஆழத்துக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லை. நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயை வைத்தோ குச்சியை வைத்தோ தண்ணீர் இருக்கிறது என்று சொல்லலாம், நல்ல தண்ணியா என்று சொல்ல அவரிடம் ஒரு வழியும் கிடையாது. போர் போட்டே ஆக வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு போர்களின் தண்ணீரை முதலில் அளந்து பாருங்கள். ஐந்தும் உப்பாக இருந்தால் உங்களுடையது மட்டும் இனிக்காது.

2017 பங்குனியில்தான் முதல்முறையாகத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வாங்கி ஒரு வருடம் கழித்து! மின் கடத்தும் திறன், ஈசி என்பார்கள், உப்புக் கூடினால் இதுவும் கூடும், அது 5.2 வந்தது. கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 3,300 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்று இந்தியத் தரம் சொல்கிறது. பாசனத்துக்கு ஈசி 0.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. மஞ்சள், வாழை, வெங்காயம் இவையெல்லாம் உப்புக்கு ரொம்பவே நோகும். அந்த மஞ்சளுக்கு நான் போட்ட செலவு 1,30,000, கிடைத்தது 38,000. தென்னம்பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்தக் கோடையில் போய்விட்டன, டிராக்டரில் டேங்கர் தண்ணீர் நடை 700 ரூபாய்க்கு நாற்பது நடை வாங்கி ஊற்றியும் காப்பாற்ற முடியவில்லை. சொட்டுநீர்க் குழாயின் துவாரங்களில் வெள்ளை வெள்ளையாகக் கல் கட்டி அடைத்தது. இரும்புக் குழாய் அரித்து மோட்டார் கிணற்றுக்குள் விழுந்தது, எடுக்கவும் மாற்றவும் 62,000. நிலத்தின் விலையை விட்டுவிட்டு, இரண்டு வருடத்தில் தண்ணீரால் மட்டும் போனது ஐந்தரை லட்சம். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. நகையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தபோது இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் உப்புப் போட வேண்டும், சாதா உப்போ கிளாபர் உப்போ, அடர் நிறம் என்றால் லிட்டருக்கு அறுபது எழுபது கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக்கிலோ உப்பு. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது, அது துணியில் தங்காது, அவ்வளவும் கழிவுத் தண்ணீரில்தான் வரும். அந்தக் காலத்துச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. அதனால்தான் என் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரிந்தது. கம்பெனியில் என் வேலைகளில் ஒன்று ஷேடு பார்ப்பது. கருநீலம் ஒரு சாயல் தப்பினாலும் 300 கிலோ லாட்டை அப்படியே திருப்பி அனுப்பி மறுபடி சாயம் போடச் சொல்லியிருக்கிறேன், எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் மூட்டை மூட்டையாக உப்பு ஆற்றில் இறங்கியிருக்கிறது. யாரோ செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. நான் வாங்கிய சம்பளமும் இந்தக் கிணற்றில் கிடக்கிறது. சங்க காலத்திலேயே கல்மணி பட்டை தீட்டிக் கடல் கடந்து விற்ற கொடுமணல் இந்த ஆற்றங்கரை ஊர்தான். அத்தனை நூற்றாண்டு தொழில் பார்த்த ஆற்றை எங்கள் ஒரு தலைமுறை இப்படி ஆக்கிவிட்டது.

சரி, நிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது. மழைக்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். புதுமழைத் தண்ணீர் கிணற்றில் மேலாக நிற்கும், உப்புத்தண்ணி கனமானது, அடியில் கிடக்கும், மேலாக அள்ளிப் பார்த்தால் நல்ல தண்ணியாகவே தெரியும். சித்திரை, வைகாசியில் போங்கள். மோட்டாரைக் குறைந்தது அரைமணி நேரம் ஓட விட்டு, அப்புறம் வருகிற தண்ணீரைப் பிடியுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, காற்று இல்லாமல் தளும்பத் தளும்ப நிரப்பி மூடி, சர்வே எண், தேதி எழுதி ஒட்டி, அன்றைக்கோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் குடிதண்ணீர் பார்ப்பார்கள், பாசனத்துக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது, கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பணம் ரொம்ப ஆகாது. பாசனத்துக்குத்தான் பார்க்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அப்போதுதான் சோடியம், குளோரைடு, கார்பனேட் எல்லாம் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் முன்னால், ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு கையடக்க டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது, அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். என்னிடம் அது இருந்திருந்தால் நான் அன்றைக்கே திரும்பி வந்திருப்பேன்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் கேட்டுப் பழைய வருடங்களுக்குப் பாருங்கள். எந்தச் சர்வே எண்ணில் எந்த வருடம் என்ன பயிர் இருந்தது என்று அதில் இருக்கும். என் நிலத்துக்குப் பிறகு வாங்கிப் பார்த்தேன். முதலில் மஞ்சள், நெல், வெற்றிலை. அப்புறம் பருத்தி. அப்புறம் சோளம். அப்புறம் பக்கம் பக்கமாகத் தரிசு, தரிசு, தரிசு. ஒரு கிணறு செத்த கதை முழுக்க அந்தப் பேரேட்டில் வரிசையாக எழுதியிருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை. அதேபோல, 1996ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் பாதிப்புக்கு இழப்பீடு கணக்கிட்டது. நீங்கள் பார்க்கிற ஊருக்கு அந்த இழப்பீடு வந்ததா என்று ஊரில் விசாரியுங்கள், டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். நான் வாங்கிய இடத்துக்கு வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் என்ன நிற்கிறது என்றும் பாருங்கள். கிணறு நிறையத் தண்ணீர் கிடக்க ஒருத்தரும் வெங்காயம், வாழை வைக்கவில்லை, வெறும் சோளத்தட்டும் புல்லும்தான் நிற்கிறது என்றால் காரணம் கேளுங்கள். வாய்க்கால் மேட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, பெண்களிடம் கேட்டால் நேராகச் சொல்வார்கள்.

சட்ட வழியும் பார்த்தேன், வக்கீலுக்கு 25,000 கொடுத்தேன். சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கக் காரணம் எழுந்ததிலிருந்து ஐந்து வருடம்தான் கெடு. என் நிலத்துக்குக் கேடு தொடங்கியது தொண்ணூறுகளில், நான் வாங்கியது அதற்கு வெகு பிறகு, வழக்கு நிற்காது என்று சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் கிணறு இப்போதுதான் கெடுகிறது என்றால் நாளைக் கடத்தாதீர்கள். 2018 ஐப்பசியில் ஒரு மழை நாள் ஆற்றில் நுரையும் செம்பழுப்புமாகத் தண்ணீர் போனது. நானே பாட்டிலில் பிடித்துத் தனியார் லேபில் 1,800 ரூபாய் கட்டி அறிக்கை வாங்கி வைத்தேன், அது வழக்குக்கு உதவாது என்று அப்புறம் தெரிந்தது. 1974ஆம் வருடத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் மாதிரி எடுக்க ஒரு முறை இருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் அந்த முறைப்படி எடுத்ததுதான் கோர்ட்டில் நிற்கும். அதனால் பார்த்த உடனே போன் செய்து, நேரத்தைக் குறித்து, பாலமோ கோயிலோ அடையாளம் தெரியும்படி போட்டோ எடுத்து, அவர்களை வரவழைத்து எடுக்க வையுங்கள். பழைய பரிசோதனை முடிவுகள் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

நடுவில் ஒருவர் வந்து, தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. பிளான்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார், இரண்டரை லட்சம். நானும் கிட்டத்தட்டச் சரி என்றே சொல்லிவிட்டேன். வடித்தது போக மிச்சம் வருகிற உப்புத்தண்ணியை எங்கே விடுவது என்று கேட்டேன். "அதெல்லாம் அப்படியே வேலியோரம் விட்டுடலாமுங்க" என்றார். பாதித் தண்ணீர் இனிப்பாக வரும், மீதிப் பாதி இரண்டு மடங்கு உப்போடு ஆத்தாவின் கிணற்றுக்குப் போகும். இதைத்தானே இத்தனை வருடம் மேலே இருந்தவர்கள் எங்களுக்குச் செய்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பதிலாகப் பண்ணைக்குட்டை வெட்டித் தார்ப்பாய் விரித்தேன், மழைத் தண்ணீர் மட்டும் அதில். ஈசி 0.3 வரும். கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டரைக்கு வருகிறது, பிழைத்து நிற்கிற 58 தென்னைக்கு அது தாங்குகிறது. சேற்றை வடிகட்டி மழைநீரைக் கிணற்றுக்குள்ளும் விடுகிறேன். மீதி இடத்தைக் கொறங்காடாக, அதாவது மேய்ச்சல் காடாக, விட்டுவிட்டேன். கொழுக்கட்டைப் புல் விதைத்து, நடுநடுவே வெள்வேல், இருபத்தாறு செம்மறி ஓடுகின்றன. அதிலிருந்து வருடத்துக்கு எழுபது, எண்பதாயிரம் வருகிறது. போட்ட முதலுக்கு அது ஒன்றுமே இல்லைதான், ஆனால் அந்த மண்ணோடு சண்டை போடாமல் இருக்க முடிகிறது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கிணற்றுத் தண்ணீரின் ஈசியை அளந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 2022 மார்கழியில் 2.1 வரை இறங்கியது, நல்ல மழை வருடம் அது. அன்றைக்கு அப்பாவிடம் ஒரு டம்ளர் நீட்டினேன், வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லடா கண்ணு" என்றார். அடுத்த சித்திரையில் மறுபடி 4.4. போன வாரம் கிழக்கால் பூமியைப் பார்க்கக் காரில் ஒரு குடும்பம் வந்தது, கையில் ஒரு குழந்தை. புரோக்கர் அவர்களைக் கிணற்றடியில் நிறுத்தி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் மீட்டரையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனேன்.